ஒளிப்படவழி நகர ஓவியங்கள்: ஒரு திணைநோக்கு

முன்னுரை

ஒளிப்படத்தை அடியொற்றித் தீட்டப்படும் ஓவியத்தை 'நகல்' என ஒதுக்கும் போக்குத் திறனாய்வில் உண்டு. முதல், கரு, உரி என்னும் தொல்காப்பியப் பகுப்பைக் கொண்டு நோக்கின், இம்மதிப்பீடு நிலைபெறாது. ஒளிப்படம் முதலையும் கருவையும் தருகிறது. உரிப்பொருளோ ஓவியரின் தேர்வால் அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கூர்மையும் மங்கலும்

அமெரிக்க ஓவியர் ரிச்சர்டு எஸ்டெஸ் நியூயார்க் தெருக்களைத் தாமே படமெடுத்து, பல படங்களை இணைத்தும் வேண்டாதவற்றை நீக்கியும் தீட்டினார். அவருடைய 'தொலைபேசிக் கூண்டுகள்' (1967) ஓவியத்தில் கண்ணாடியும் உலோகமும் தெருவைத் துண்டுதுண்டாக எதிரொளிக்க, கூண்டினுள் நிற்போர் அடையாளமற்று மறைகின்றனர். எல்லாப் பகுதியும் ஒரே கூர்மையுடன் விளங்குகிறது. மனிதக் கண் அவ்வாறு காண்பதில்லை. மக்கள் நிறைந்த நகரின் தனிமையே இங்கு உரிப்பொருள் எனலாம்.

செருமானிய ஓவியர் கெர்ஹார்டு ரிக்டர் இதற்கு மறுதலையானவர். வான்வழி ஒளிப்படங்களைக் கொண்டு 1968 முதல் அவர் தீட்டிய நகரக் காட்சிகள் அருகே வெறும் வண்ணத் திட்டுகளாகவும், விலகி நின்றால் நகராகவும் தோன்றுகின்றன. அவர் பிறந்த டிரெஸ்டன் நகர் 1945-இல் குண்டுவீச்சால் அழிந்தது. அமைதிக்கால நகரிலும் இடிபாட்டை நினைவூட்டும் அவ்வோவியங்களின் உரிப்பொருள் இரங்கல் ஆகும்.

எல்லை நகரங்கள்

எதை வைப்பது, எதை நீக்குவது என்னும் இவ்வினா பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளுக்கு வரும்போது கூர்மையடைகிறது. மூணாறு என்றதும் பசுஞ்சரிவே காட்சியாகிறது. அச்சரிவைத் தேயிலைத் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரின் லயங்களும் கடைத்தெருவும் சட்டகத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன. 2015-இல் பெண் தொழிலாளர் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு சாலையில் அமர்ந்தபோதே அந்நகரின் மற்றொரு முகம் செய்திப் படங்களில் பரவலாக இடம்பெற்றது.

கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் கடைப்பலகைகளில் தமிழும் மலையாளமும் அருகருகே நிற்பதைக் காணலாம். தெய்வம், உணவு, தொழில் முதலிய கருப்பொருள் வரிசையில் இன்றைய நகருக்குக் கடைப்பலகையையும் சேர்த்தல் தகும். அதன் எழுத்துகள் அங்கு வாழ்வோர் யாவர் என்பதைச் சொல்கின்றன.

முடிவுரை

ஒளிப்படக் கருவி அவ்வெழுத்துகளை அறியாமலே பதிந்துவிடும். ஓவியரோ ஒவ்வோர் எழுத்தையும் அறிந்தே வரைந்தாக வேண்டும். அழகுக்கு இடையூறெனக் கருதி ஒரு மொழியின் எழுத்தை வண்ணத்தால் மூடுபவர், அம்மொழி பேசுவோரையும் நிலத்தினின்று நீக்குகிறார். ஆகவே, இவ்வகை ஓவியங்களை மதிப்பிடுவோர் மூலப்படத்தோடு அவை எவ்வளவு ஒத்துள்ளன என்பதினும், அதிலிருந்து எதனை விடுத்தன என்பதையே முதற்கண் ஆராய வேண்டும்.