எதிர்த்தவன் ஏன் பணிந்தான்?

ஆங்கில நாட்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றி எழுந்த கதைகளில் தலையாயது, தாமஸ் ஹியூஸ் தீட்டிய ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’. 1857-ல் வெளிவந்தது. பெயரை மறைத்து, ‘பழைய மாணவன்’ என்று மட்டும் பொறித்தார் ஆசிரியர். அவர் பயின்ற ரக்பிப் பள்ளியே கதையின் களம். 1828 முதல் 1842 வரை அங்குத் தலைமையாசிரியராக வீற்றிருந்த தாமஸ் ஆர்னால்டே அதன் ஞாயிறு. ஏடு இனியது, நடை எளியது, பந்தாட்டக் காட்சிகளோ துள்ளுகின்றன. சுவைத்தோம். சுவைத்தபின் சிந்தித்தோம்.

1567-ல் அப்பள்ளிக்குப் பொருள் வைத்தவர் லாரன்ஸ் ஷெரிஃப் என்னும் மளிகை வணிகர். ஊர்ப் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்கவேண்டும் என்பது அவர் விருப்பம். நடந்தது என்ன? செல்வர் வீட்டுச் செல்வங்கள் வந்து தங்கும் மாளிகையாயிற்று அது. ஊர்ப் பிள்ளைகளுக்கென அவர் பெயரால் வேறொரு பள்ளி 1878-ல் எழுந்தது. வணிகர் வைத்த விருந்து. வந்தவர்க்குக் கூடம், வீட்டார்க்குப் புறந்திண்ணை!

கூடத்திலேனும் சமத்துவம் உண்டா? இளையோர் மூத்தோருக்கு ஏவல் செய்யவேண்டும். அறை கூட்டுவது, ரொட்டி வாட்டுவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. கிரேக்கமும் இலத்தீனும் ஏட்டுப் பாடம். பணிவதும் பணிய வைப்பதும் வாழ்க்கைப் பாடம்!

ஹியூஸ் இக்கொடுமையை மறைக்கவில்லை. அது அவர் நேர்மை. குதிரைப் பந்தயக் குலுக்கலில் தனக்கு விழுந்த நல்ல சீட்டை விற்க மறுத்த டாமை, ஃப்ளாஷ்மன் என்னும் முரடன் நெருப்பின்முன் நிறுத்தி வாட்டுகிறான். மயங்கி விழுகிறான் சிறுவன். செய்தவன் யார் என்று கேட்டபோது வாய் திறக்க மறுக்கிறான். அதனை வீரம் என்கிறது நூல். கொடியவனுக்குக் கவசம் என்கிறோம் நாம். அந்த ஃப்ளாஷ்மன் பின்னர்ப் பள்ளியினின்றும் நீக்கப்படுகிறான். எதற்காக? வாட்டியதற்காக அன்று, குடித்துவிட்டுத் தள்ளாடியதற்காக!

டாமும் அவன் நண்பன் ஈஸ்ட்டும் ஒருநாள் கிளர்ந்தெழுகின்றனர். ஐந்தாம் வகுப்பாருக்கு ஏவல் செய்யோம் என்கின்றனர். நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அடுத்த வரியே அதைத் தாழ்த்துகிறது: ஏவும் உரிமை ஆறாம் வகுப்பாருக்கே உரியது, ஆகவே ஐந்தாம் வகுப்பாருக்கு இல்லையாம்! ஏவலாள் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. எவருக்கு என்றே கேட்டனர். நுகத்தடியை எதிர்க்கவில்லை, பூட்டியவர் தகுதியையே எதிர்த்தனர்.

இதற்கு வேர் ஆர்னால்டின் கொள்கையில் உள்ளது. ஆறாம் வகுப்பாரிடம் ஆட்சியை ஒப்படைத்தவர் அவர். கணிதத்தையும் வரலாற்றையும் புதுமொழிகளையும் பாடத்திட்டத்தில் சேர்த்த பெருமையும் அவருக்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் முதலில் சமய ஒழுக்கம், பின்னர்க் கனவான் நடத்தை, மூன்றாவதாகவே அறிவாற்றல் என வரிசை வகுத்தார். தம் மகன் நெஞ்சில் அறிவியல் முதலிடம் பெறுவதைவிட, ஞாயிறு பூமியைச் சுற்றுகிறது என்று அவன் எண்ணுவதே மேல் என்ற கருத்தில் கடிதமும் எழுதினார்! கோப்பர்நிக்கசுக்குப் பின் மூன்று நூற்றாண்டு கழிந்தும் ஒரு கல்வியாளர் சொன்ன சொல் இது.

நூலில் நாம் மனமாரப் போற்றும் இடமும் ஒன்றுண்டு. மெலிந்த சிறுவன் ஆர்தர், முதல் இரவில் மண்டியிட்டுத் தொழுகிறான். எள்ளி நகைக்கிறது கூட்டம், செருப்பு பறக்கிறது. டாம் அவன் பக்கம் நிற்கிறான். தொழுகை நமக்கு உடன்பாடன்று. எனினும் கூட்டத்துக்கு அஞ்சாமல் தன் மனச்சான்றின்படி நடக்கும் உரிமை நமக்கு உயிர். தொழுபவனுக்கு உள்ள அவ்வுரிமை தொழாதவனுக்கும் உண்டு என்று எழுதியிருந்தால் ஏடு இன்னும் உயர்ந்திருக்கும்.

எழுதவில்லை. மறைந்த ஆசானின் கல்லறைமுன் டாம் தலைவணங்குவதோடு கதை முடிகிறது. நன்றி நன்று. ஆயினும் கேள்வி எழவேண்டிய இடத்தில் வழிபாடு எழுந்துவிட்டது. வழிபாடு வளர்ந்த இடத்தில் வழக்கம் எளிதில் சாகாது. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் பிரம்படியைச் சட்டம் ஒழித்தது 1999-ல்தான்!

இளைஞர்களே, இந்நூலைப் படியுங்கள். ஐந்தாம் வகுப்பாரை எதிர்த்த துணிவைக் கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பாரிடம் பணிந்த பணிவைத் தள்ளுங்கள். நாளை நீங்களே ஆறாம் வகுப்பில் அமரும்போது, ஏவுவதற்கு ஒரு சிறுவனைத் தேடாதிருங்கள். தேர்வு அங்கேதான் இருக்கிறது.