ஸ்லாட் நான்கு, ராம் இரண்டு

டெஸ்க்டாப் கணினி அமைக்க ராம் வாங்கும்போது பலரும் மதர்போர்டின் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். டிடிஆர்5 என்று போட்டிருக்கிறது, ஸ்லாட் நான்கு இருக்கிறது, வேகம் 6000க்கு மேலும் போகும் என்று எழுதியிருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் ராமைக் கட்டுப்படுத்தும் மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில் இல்லை, பிராசஸருக்குள் இருக்கிறது. ஏஎம்டி 2003இல் அத்லான் 64 பிராசஸரிலும், இன்டெல் 2008இல் முதல் கோர் ஐ7 வரிசையிலும் அதை உள்ளே கொண்டுவந்தன. அதற்குமுன் அது பெரும்பாலும் போர்டிலிருந்த நார்த்பிரிட்ஜ் சிப்பின் வேலை. அந்தக் காலத்தில் போர்டைப் பார்த்து ராம் வாங்கியதில் தவறில்லை. கன்ட்ரோலர் இடம் மாறிய பிறகும் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்த வழக்கத்தின் விலை என்ன என்பதை ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் தெளிவாகப் பார்க்கலாம். ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம், இரண்டு ராம் போட்டால் 5200. நான்கு போட்டால் 3600. அடுத்து வந்த ரைசன் 9000 வரிசையில் இரண்டுக்கான வேகம் 5600 ஆக உயர்ந்தது, நான்குக்கானது அதே 3600இல் நின்றது. இரண்டு சேனலிலும் கூட்டிக் கணக்கிட்டால், 5200இல் விநாடிக்கு 83.2 ஜிகாபைட் தரவு போகலாம், 3600இல் 57.6 மட்டுமே. கூடுதலாகப் பணம் கொடுத்து இரண்டு ராம் வாங்கிச் சேர்த்தவருக்குக் கொள்ளளவு கூடுகிறது, வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ராம் பெட்டியில் அச்சிட்ட 6000 என்பதோ எக்ஸ்போ வசதியை பயாஸில் இயக்கினால் கிடைக்கும் ஓவர்கிளாக் வேகம். அதற்கு பிராசஸர் தரப்பில் உத்தரவாதம் கிடையாது.

"இப்போது இரண்டு, கையில் பணம் வரும்போது இன்னும் இரண்டு" என்பது நம் வீடுகளில் நியாயமான சிக்கனம். டிடிஆர்3 காலத்தில் அது பெரும்பாலும் பலித்தது. டிடிஆர்5இல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே பெயர், ஒரே மாடல் ராம் ஆனாலும் ஆறு மாதம் கழித்து வாங்கும் பெட்டியில் வேறு நிறுவனத்தின் சிப் இருக்கலாம். ஒரே பெட்டியில் வந்த ஜோடிதான் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. தனித்தனியாக வாங்கும் இரண்டு ஜோடிகளை ஒன்றாக யாரும் சோதித்துத் தருவதில்லை. நான்கு ராமையும் 6000இல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், புதிய பயாஸ்கள் நிலைமையை நன்றாகவே மேம்படுத்தியிருக்கின்றன. ஆனால் அது அந்தந்த பிராசஸர், போர்டு, ராம் மூன்றும் அமைந்த விதம். அதை நம்பி முன்கூட்டியே பணத்தைப் போட முடியாது. பல மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் இயக்குவோருக்கு வேகத்தைவிடக் கொள்ளளவு முக்கியம். அவர்கள் நான்கு போடுவதில் தவறில்லை. மற்றவர்களுக்கு 16 ஜிபி இரண்டைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்று தோன்றினால், முதலிலேயே 32 ஜிபி இரண்டு அல்லது 48 ஜிபி இரண்டு என ஜோடியாக எடுப்பது நல்லது.

போர்டு நிறுவனங்கள் வெளியிடும் சோதித்த ராம் பட்டியலையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். அதில் இல்லாத ராம் ஓடாது என்று பொருளில்லை. அதில் இருப்பதாலேயே நான்கும் ஓடும் என்றும் பொருளில்லை. எத்தனை ஸ்லாட்டில் சோதித்தார்கள் என்ற கட்டத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். இன்டெல்லின் எல்ஜிஏ1700 போர்டு என்றால் இன்னொரு கவனமும் தேவை. அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டு வகை ராமுக்கும் 288 பின்தான், வெட்டு மட்டும் வேறு இடத்தில் இருக்கும். அழுத்தித் திணித்தால் ஸ்லாட்தான் உடையும்.

இரண்டு ராமை எந்த ஸ்லாட்டில் போடுவது என்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான போர்டுகளில் ஒரு சேனலின் கம்பித்தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முதலாவதில் போட்டால் மீதித் தடம் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். சிக்னல் அங்கே மோதித் திரும்பும். அதனால்தான் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். ஏஎம்5இல் முதல் முறை இயக்கும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம்கூட ஆகலாம். திரை கறுப்பாக இருக்கிறதென்று பயந்து பவரை அணைக்காமல் பொறுத்திருங்கள். பிறகு எக்ஸ்போவை இயக்கி, மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 6000ஐ 5600ஆகக் குறைத்து மறுபடி சோதியுங்கள்.