தளை தட்டும் இடம்

பாட்டியற்றப் பயிலும் மாணவனுக்கு வெண்பாவையே முதற்படியாக வைக்கும் வழக்கம் தமிழ் வகுப்புகளில் வேரூன்றியுள்ளது. பாக்களுள் கட்டுப்பாடு மிகுந்தது அதுவே. அது கைவந்தால் ஏனையவை எளிதாம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இக்காரணம் ஆராய்தற்குரியது.

பினாங்கு மாணவன் ஒருவன் தன் மண்ணைப் பாட முற்படுகிறான் எனக் கொள்க. ‘பினாங்குத் தீவில்’ என்னும் தொடர் இயல்பாகவே அவன் நாவில் எழுகிறது. காரிகை வழி அலகிட்டால், முதற்சீர் நிரை நேர் எனப் பிரிந்து புளிமாவாகும். வெண்பாவில் மாவின்முன் நிரை வரல் வேண்டும். ‘தீவில்’ நேரசையில் தொடங்குகிறது. தளை தட்டிற்று. ஆசிரியரின் சிவப்பு மை அதனைச் சுழிக்கிறது. மாணவன் ‘பினாங்கு நகரில்’ எனத் திருத்துகிறான், மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் தீவு போய் நகர் வந்தது. கடல்சூழ்ந்த நிலத்தைப் பாட வந்தவன் ஜார்ஜ் டவுன் கடைத்தெருவைப் பாடுபவன் ஆகிவிட்டான். தன் பொருள் திரிந்ததை அவன் அறியான், ஆசிரியரும் கேளார்.

சற்றுத் தேர்ந்தவன் ‘பினாங்கெனும் தீவில்’ என்பான். கருவிளத்தின்முன் நேர் வந்து தளை அமைகிறது; தீவும் பிழைக்கிறது. எனினும் ‘எனும்’ என்ற சொல் யாரை நோக்கியது? தீவின் பெயரறியாத அயலாருக்கு அதனை அறிமுகம் செய்வோன் கூற்று அது. அங்கேயே பிறந்து, தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் ஆண்டுதோறும் நடந்தவன், தன் ஊராரிடம் அவ்வாறு பேசுவானா? இலக்கணம் காணாத இக்குறையைக் காண்பதே கவிதைப் பயிற்சி.

அதே ‘பினாங்குத் தீவில்’ அகவலில் நேரொன்றாசிரியத் தளையாய்க் குறையின்றி நிற்கும். குறுந்தொகையும் நற்றிணையும் அகநானூறும் அகவல் யாப்பினவே. பொருளைப் பாவிற்கு வளைப்பதினும் பொருளுக்கு ஏற்ற பாவைத் தேடுதல் நன்று; தொடக்க மாணவனுக்கு வெண்பாவை விட அகவலே உகந்தது. வெண்பாவின் ஓசைச் செறிவை இக்கூற்று மறுப்பதன்று. அது இரண்டாம் ஆண்டிற்கு உரியது.

குறை எங்கே தொடங்கிற்று என்பதற்கு நூல்களே சான்று. யாப்பருங்கலக்காரிகை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்பு ஆறு கூறும். தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புகளை எண்ணுகிறது. அவற்றுள் தளை தனியுறுப்பாக இல்லை என்பது பலர் கவனியாதது. மாறாக, கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், நோக்கு ஆகியன உள்ளன. பேசுவோன் யார், கேட்போன் யார், எவ்விடத்து, எப்பொழுது, எதனைச் சொல்லாது விட்டான் என்னும் வினாக்கள் அவை. வகுப்பறை ஆறனை வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைத் தேர்வுக்குரிய பட்டியலாக்கிவிட்டது. புலவர் குழந்தையின் ‘யாப்பதிகாரம்’, அ. கி. பரந்தாமனாரின் ‘கவிஞராக’ போன்ற நூல்கள் தாமே பயில்வோர்க்குப் பெருந்துணை. ஆயின் அவற்றையும் அலகிடும் வாய்பாட்டுக்காகவே புரட்டுவோர் மிகுதி. பினாங்கிலிருந்து ‘உங்கள் குரல்’ இதழை நடத்தி, 2014ஆம் ஆண்டு மறைந்த கவிஞர் சீனி நைனா முகம்மது, தொல்காப்பியத்தை மலேசியத் தமிழரிடையே பரப்ப உழைத்தவர். மரபுக் கவிஞர் ஒருவர் காரிகையோடு நில்லாது தொல்காப்பியத்திற்குச் சென்றது கருதத்தக்கது.

புதுக்கவிதையாளர்க்கும் இதில் விலக்கில்லை. தளையை நீக்கலாம், கூற்றையும் கேட்போரையும் நீக்கவியலாது.

எச்சத்தை உணர்த்த மலேசிய ஆசிரியருக்கு அருகிலேயே ஒரு கருவி உண்டு. மலாய்ப் பாடத்தில் மாணவர் பயிலும் பந்துன் நான்கடியால் ஆயது. முதலீரடி ‘பெம்பாயாங்’ எனப்படும் நிழல். அதில் மரமோ ஆறோ பறவையோ வரும். பின்னீரடியே கருத்து. 2020இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற வடிவம் இது. சங்கப் பாட்டின் உள்ளுறையோ நிழலை மட்டும் காட்டிக் கருத்தைக் கேட்போனிடம் விட்டுவிடுகிறது. பந்துனின் பின்னீரடியை மறைத்து, முன்னீரடி கொண்டே கருத்தை உய்த்துணரச் செய்து, பின்னர்க் குறுந்தொகையைத் திறந்தால், உரையாசிரியர் பல பக்கம் விளக்குவதை மாணவன் ஒரு பாடவேளையில் பற்றிக்கொள்வான். அதன்பின் அவன் எழுதும் அகவலில், தீவைச் சூழ்ந்த கடலுக்கு உரை வேண்டியிராது.