இரு வேதநாயகர்

படைப்பைக் கண்டு வியத்தலும், இறைவனது நீதியை எண்ணி அஞ்சுதலும் பக்தி இலக்கியத்தின் இரு கண்கள் என்பர். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தைப் பயிலுங்கால், அவ்விரு கண்களும் ஒரே முகத்தில் அமைந்தனவா என்னும் ஐயம் நமக்கு எழுகின்றது. வேதநாயகர் என்னும் ஒரே பெயர் தாங்கிய இருவரை எதிரெதிரே நிறுத்தி இவ்வையத்தை ஆராய்வோம். ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மற்றவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). முன்னவர் புராட்டஸ்டண்டு சபையினர், பின்னவர் கத்தோலிக்கர்.

சாஸ்திரியார் திருநெல்வேலியிற் பிறந்து, சிறு வயதிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டவர். பின்னர் அரசரான இரண்டாம் சரபோஜி அவருக்கு இளமைத் தோழர். 1800-இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி துணிவான நூல். தலைவி பந்தாடுவதும், உலா வரும் தலைவன்மேற் காதல் கொள்வதும், குறத்தி குறி சொல்வதும், சிங்கன் பறவை பிடிப்பதுமாக நடப்பது குறவஞ்சி நாடகம். அரசர்க்கும் கோயில் தெய்வங்கட்கும் உரியதாயிருந்த அச்சட்டகத்தில் பெத்லகேம் நாதரைத் தலைவராக்கி, விசுவாசத்தைக் குறத்தியாக்கி, குருமாரை வலை வீசும் சிங்கனாக்கினார் சாஸ்திரியார். அதனினும் துணிவு ஒன்று உண்டு. கோள்கள் ஞாயிற்றைச் சுற்றும் புதிய வானநூலையும், கண்டங்களின் நிலநூலையும் அவர் அப்பாட்டினுள் வைத்தார். செய்தி பாடமாக வறண்டுவிடாமல் தாளத்தோடு துள்ளிச் செல்கின்றது. ஆங்கிலப் பள்ளியிற் கோப்பர்நிக்கஸ் பெயரை மனப்பாடம் செய்த நமக்கு, அவர் கண்ட உண்மையை இருநூறாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் பாடி ஆடவைத்தார் என்பது பள்ளியை விட்டு நெடுநாட் சென்ற பின்னரே தெரிந்தது. வெட்கத்தோடு இதனைச் சொல்லுகின்றோம்.

இத்துணை அகன்ற வானத்தைப் பாடியவர், கோயிலுக்குள் இட்ட ஒரு சிறு கோட்டைத் தாண்டவில்லை. அக்காலத் தஞ்சைச் சபையில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்து வழிபடும் வழக்கம் இருந்தது. 1820-களில் வந்த இளைய பாதிரிமார் அதனை ஒழிக்க முனைந்தபோது, சாஸ்திரியார் அவ்வழக்கத்தைக் காப்போர் பக்கம் நின்று எழுதினார். 1833-இல் டேனியல் வில்சன் அத்தியட்சர் சாதி வேற்றுமை சபையில் இருத்தலாகாது என ஆணையிடவே, பலர் சபையை விட்டு விலகினர்.

சாஸ்திரியார்க்கு நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. அப்பாதிரிமார் தமிழ்ப் பாட்டையும் பூவையும்கூட வழிபாட்டினின்றும் விழாவினின்றும் விலக்கத் துணிந்தனர். அவற்றைக் காக்க அவர் எழுந்தது தக்கதே. ஆனால், காக்கத் தக்க பாட்டோடு, காக்கத் தகாத இருக்கைப் பிரிவையும் ஒரே மூட்டையிற் கட்டிவிட்டார். அது நம்மரபு, இதுவும் நம்மரபு என்னும் அவ்வாதம் இன்றும் நம்மிடையே செத்தொழியவில்லை.

இங்கு வேதாகமத்தையே அளவுகோலாகக் கொள்வோம். ஆமோஸ் தீர்க்கதரிசி, ஏழையை மிதித்து நீதியைக் கசப்பாக்குவோரைக் கடிந்துகொண்டிருக்கும்போதே, அறுமீனையும் மிருகசீரிடத்தையும் படைத்தவரை நினைவூட்டுகிறார். இடையில் அழகுக்காகச் செருகிய வருணனையன்று அது. வானத்தை ஒழுங்கு செய்தவரே ஊர்வாயிலில் நடக்கும் வழக்கையும் கேட்கிறார் என்பதே அதன் பொருள். யோபின் நூலிலும், துன்புற்றவனுக்கு இறைவன் படைப்பைக் காட்டி விடை கூறுகிறார். எனினும் முடிவிற் கடிந்துகொள்ளப்படுவோர், துன்பமெல்லாம் குற்றத்தின் கூலி என்று இறைவனுக்காக வழக்காடிய நண்பர்களே. வியப்பு வேதத்தில் நீதிக்கு வாயில். சாஸ்திரியாரோ வாயிலிலேயே நின்று பாடிவிட்டார்.

மற்றவரைக் காண்போம். வேதநாயகம் பிள்ளை நம்மைப்போல் ஏடுகளைக் காக்கும் அலுவலராய்த் திருச்சி நீதிமன்றத்திற் தொடங்கி, பின்னர் முன்சீப் ஆனவர். 1859-இல் வெளிவந்த அவரது நீதிநூல், படைப்பின் ஒழுங்கைக் கொண்டு தெய்வம் உண்டெனக் காட்டித் தொடங்குகின்றது. பின்னர்க் கைக்கூலி வாங்குவோரையும் தனியே எடுத்துக் கண்டிக்கின்றது. வானிலிருந்து கச்சேரி மேசைக்கு இறங்கிவர அவருக்கு ஒரு நூலே போதுமாயிற்று. ஆங்கிலத்திலிருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டதும் அவ்வுணர்ச்சியினாலேயே. தனக்கு விளங்காத மொழியில் தீர்ப்புப் பெறுபவனுக்கு நீதி பாதியே கிட்டும். 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும் இக்குறையை அவர் எள்ளி நகையாடுகிறார்.

கவி என்ற அளவில் பிள்ளையவர்கள் சாஸ்திரியார்க்கு ஈடாகார். நீதிநூலிற் பல செய்யுட்கள் அறிவுரையாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும் 1878-இல் வந்த சர்வசமய சமரசக் கீர்த்தனையில் அவரது குரல் மாறிவிடுகின்றது. எச்சமயத்தாரும் பாடத் தக்கவாறு பொதுப்பட அமைந்த அப்பாடல்களில், பிறர் வழக்கைத் தீர்த்த நீதிபதி தாமே மனுதாரராகி இறைவன் முன் நிற்கிறார். அது 1876–78 பெரும் பஞ்சத்தின் காலம். அவர் பஞ்சம் தீரப் பாடியதோடு நில்லாமல், தம் பொருளைக் கொடுத்துப் பசித்தோர்க்கு உணவிட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார்.

அப்பஞ்சம் நமக்கு அயலானதன்று. மாயூரத்திற்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினத் துறையிற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தோர் அந்நிலத்து மக்களே.

நம் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அன்பர்கள் இடந்தருவார்களாக. நாம் செம்பனைத் தோட்டக் கிராணி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்கையில் தலைக்குமேல் விடிவெள்ளி; கையில் செக்ரோல். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு முதியவளின் பெயருக்கு நேரே, மேலாணைப்படி அரைநாள் என்று எழுதிய காலையும் உண்டு. எழுதிய கை நம்முடையதே. அன்றிரவு பெத்லகேம் குறவஞ்சியைப் புரட்டினோம். வானத்தைப் பாடும் அடிகள் எப்போதும்போல் இனித்தன. அவ்வினிமையே நம்மைச் சுட்டது. சாஸ்திரியாரின் குறையை அன்றுதான் நாம் நம்மிடத்தில் கண்டோம்.

ஜார்ஜ் டவுனில் பார்க்குவார் தெருவிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயம் 1818-இல் எழுந்தது. அதன் வெண்தூண்களைக் கண்டு வியவாதார் இலர். அதனைக் கட்டியவை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள். தூண்களின் அழகு பொய்யன்று. அக்கைகளை மறந்த வியப்பே குறையுடையது. ஆகவே சாஸ்திரியாரை விலக்குக என்று நாம் கூறோம். இரு வேதநாயகரையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து வைத்துப் படிப்போமாக. முன்னவரிடம் அண்ணாந்து பார்க்கக் கற்போம். பின்னவரிடம், பார்த்தபின் குனிந்து நம் கையிலுள்ள ஏட்டைத் திருத்தக் கற்போம்.