இருமொழி வானொலியும் சைக்கிள் டைனமோவும்

மில்லிக்கனுக்குக் கிழக்கே, ஓஷாவாவிலுள்ள ஒன்ராறியோ றெஜிமென்ற் அருங்காட்சியகம் பழைய தாங்கிகளை ஓட்டிக் காட்டுகிறது. பழைய இராணுவ வானொலிகளைத் திருத்தி இயக்குபவர்களும் இந்நாட்டில் உண்டு. இவர்களைப் போர்வெறியர் என ஒதுக்கும் நம்மவர் பார்வை மேலோட்டமானது. நாள் முழுக்க ஆலை இயந்திரத்தோடு நிற்பவனுக்கு அவர்களது பொறுமை விளங்கும்.

அவர்கள் விரும்பும் 19ஆம் இலக்க வானொலியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பை நிறுவனம் 1940இல் வடிவமைத்தது. தொலைவுக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று, தாங்கிக்குள் இருப்போர் தமக்குள் பேச ஒன்று என மூன்று ஏற்பாடுகள் ஒரே பெட்டியில். கனடாவில் செய்யப்பட்ட பலவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ருஷ்ய எழுத்தும் உண்டு. சோவியத் படைக்கும் அனுப்புவதற்காக. சில ஆண்டுகளில் அதே ருஷ்யர் எதிரியாயினர், எழுத்து அப்படியே இருந்துவிட்டது.

கண்ணாடிப் பேழைக்குள் பூட்டாமல், வால்வைச் சூடாக்கி அமெச்சூர் அலைவரிசையில் பேசுவது நல்ல காரியமே. ஆனால் அது, கருவி எப்படிப் பேசியது என்பதை மட்டுமே மீட்கிறது. அந்தப் பேச்சின் முடிவில் எவர் வீட்டில் எறிகணை வீழ்ந்தது என்பது எந்த முகப்பிலும் இல்லை.

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோ மின்சாரத்தில் தமிழோசை கேட்டோம். மிதி தளர்ந்தால் குரல் தேயும். அதுவும் போர்க்கால வானொலிதான், எறிகணை விழும் பக்கத்து வானொலி. அந்த வயர் இணைப்பை வரைபடத்தோடு எழுதிவைத்தவர் நம்மில் எத்தனை பேர்? மிதித்தவர்கள் இதே ரொறன்ரோவில்தான் இருக்கிறார்கள்.