நல்ல பிள்ளை யார்?

கல்முனைக் கரையோரப் பாடசாலைகளின் முதலாந் தரத்தில் வழங்கும் தீர்ப்பு ஒன்றுண்டு: கரைவலைக்காரரின் மகன் 'அடங்காதவன்', மருதமுனை நெசவாளியின் மகள் 'நல்ல பிள்ளை'. இதை நாம் ஏற்பதற்கில்லை.

அலையிரைச்சலுக்கு மேலாகக் கூவினாலன்றி வலை கரை சேராது. அக்குரலோடுதான் பையன் வகுப்புக்கு வருகிறான். அது குற்றமன்று, தகப்பனின் தொழில்.

சிறுமியின் மௌனமே நம்மை அதிகம் உறுத்துகிறது. இப்பிரதேச முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேர்கிறது. மணமகன்தான் அங்கு வந்து குடியேறுகிறான். அவ்வீட்டைக் கட்டவே தகப்பனும் சகோதரரும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். சிலர் வளைகுடா நாடுகள் வரை செல்கிறார்கள். வீட்டுக்கு உரியவள், உரத்துப் பேச மட்டும் உரியவளல்லள்! கேள்வி கேளாத அவளை ஆசிரியர் மெச்சுகிறார். பாடம் விளங்காமையும் அம்மெச்சுதலுக்குள் மறைந்துபோகிறது.

பாடசாலையின் மொழி நடுத்தர வர்க்க வீட்டின் மொழிக்கே நெருங்கியது என்றார் ஆங்கிலச் சமூகவியலாளர் பசில் பேர்ன்ஸ்டைன். (தொழிலாளர் பேச்சைத் தாழ்த்திவிட்டார் என்று அவரைக் கண்டித்தோரும் உளர்.) 1945இல் வந்த இலவசக் கல்வி கதவைத் திறந்தது, உள்ளே அளவுகோல் மாறவில்லை. நம் ஆசிரியர் பலரும் இதே மீனவர், நெசவாளர் வீடுகளிலிருந்து வந்தவர்களே. தேர்ச்சியறிக்கையில் 'ஒழுக்கம்' பற்றி எழுதுமுன், அச்சிறுமியிடம் ஒரு கேள்வி கேட்டு, விடை வரும்வரை அவர்கள் காத்திருக்கட்டும்.