சுமந்த சட்டியும் சொன்ன சொல்லும்

1973 டிசம்பர் 19 ஆம் நாள், சென்னை தியாகராயர் நகரில் பெரியார் பேசினார். அப்போது அவருக்கு வயது 94. பத்து நாட்களுக்கு முன்புதான், டிசம்பர் 8, 9 ஆகிய நாட்களில், பெரியார் திடலில் தமிழர் சமுதாய இழிவு ஒழிப்பு மாநாட்டைக் கூட்டித் தம் வாழ்நாள் கோரிக்கையை நாட்டின் முன் வைத்திருந்தார். மாநாட்டில் எழுப்பிய கேள்வியையே தியாகராயர் நகர் மேடையிலும் எழுப்பினார். பேச்சின் நடுவே குடலிறக்க நோய் வாட்டிற்று. வலி தாளாமல் அன்னையை அழைத்து அரற்றினார். வலி சற்றுத் தணிந்ததும் பேச்சைத் தொடர்ந்தார். ஐந்தாம் நாள், டிசம்பர் 24 அன்று, வேலூர் மருத்துவமனையில் மறைந்தார். அதுவே அவருடைய கடைசிச் சொற்பொழிவு.

அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இருக்கிறது, அச்சிலும் இருக்கிறது. மரண சாசனம் என்று இயக்கத்தார் அதற்குப் பெயரிட்டனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் அதைக் கேட்டும் படித்தும் வருகின்றனர். கேட்டவர்கள் என்ன சொல்கின்றனர்? அதைத்தான் நாம் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். பேச்சை எடைபோடப் பலர் இருக்கின்றனர். கேட்ட செவிகளை எடைபோட ஒருவரேனும் வேண்டாமா?

முதல் வகையினர் உருகுகின்றனர். "மூத்திரச் சட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய்ச் சுற்றினாரே, நமக்காக!" என்கின்றனர். குழாய் பொருத்திய உடலோடு அந்த முதியவர் நாடெங்கும் அலைந்தது உண்மை. உருக்கமும் உண்மையே, அதை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால், உருகுபவரை நிறுத்தி, "ஐயா, அந்தச் சட்டியைச் சுமந்துகொண்டு போய் என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிக்கின்றனர். சுமந்த சட்டி நினைவில் இருக்கிறது, சொன்ன சொல் நினைவில் இல்லை!

இரண்டாம் வகையினர் பாராட்டுகின்றனர். "கொள்கையில் எமக்கு உடன்பாடில்லை; எனினும் என்ன மனத்துணிவு, என்ன உழைப்பு!" என்பது இவர்கள் வாய்பாடு. வைதீகத்தின் வாயிலிருந்தும் இப்பாராட்டு வருகிறது. பெருந்தன்மைபோல் தோன்றும் இதன் உள்ளே ஒரு கணக்கு உண்டு. மனிதரைப் புகழ்ந்துவிட்டால் அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் கடமை தீர்ந்துவிடுகிறது. மாலை போட்ட கையே வாயையும் பொத்திவிடுகிறது.

மூன்றாம் வகையினர் ஏளனம் செய்கின்றனர். கடவுள் இல்லை என்றவர் வலி வந்ததும் கதறினாரே என்று கைகொட்டுகின்றனர். அவர் அழைத்தது தாயை அன்றோ! எந்தத் தெய்வத்தின் பெயரும் அந்த வலியிலும் அவர் வாயில் வரவில்லையே! ஏளனம் செய்யப் புகுந்தவர்கள் அவருடைய உறுதிக்குத் தாங்களே சாட்சி ஆகின்றனர்.

உருகுபவர், பாராட்டுபவர், ஏளனம் செய்பவர் ஆகிய மூவரும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றனர். மூவர் கண்ணும் அந்த முதியவரின் உடல்மீதே நிற்கிறது. மேடையில் ஒரு நோயாளியைப் பார்த்தார்கள். வழக்காடியவரை அவர்கள் பார்க்கவே இல்லை.

வழக்கு என்ன? சாத்திரம் இந்நாட்டு உழைக்கும் மக்களைச் சூத்திரர் என்கிறது. அந்த இழிபெயர் கோயில் கருவறை வாயிலில் இன்றும் நடைமுறையாக நிற்கிறது. இன்ன பிறப்பினர் உள்ளே வரலாம், இன்ன பிறப்பினர் வரலாகாது என்று. கடவுளை மறுத்தவர் கருவறைக்குள் செல்லும் உரிமையை ஏன் கேட்டார் என்பர் சிலர். அவர் கேட்டது பூசை செய்யும் பேறன்று; பிறப்பால் இழிந்தவன் என்று கூறும் இடம் நாட்டில் ஒன்றுகூட இருக்கலாகாது என்பதே. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று எழுதிய அரசியல் சட்டம், சாதி ஒழிக்கப்படுகிறது என்று எழுதவில்லையே என்பதும் அவர் நெடுநாள் எழுப்பிய கேள்வி. அதற்காகவே 1957 நவம்பர் 26 அன்று சட்ட எரிப்புக் கிளர்ச்சி நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர்.

அந்தக் கேள்வி 1973இல் எந்த நிலையில் இருந்தது? கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அவர் அறிவித்ததன் பின்னர், 1970இல் கலைஞர் கருணாநிதியின் அரசு, அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1972 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பளித்தது. பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும், ஆயினும் ஆகமம் விதித்த வகையில்தான் அர்ச்சகரை அமர்த்த வேண்டும் என்றது. முன்வாசல் திறந்தது, உள்வாசல் மூடிக்கொண்டது! அந்த மூடிய கதவின்முன் நின்றுகொண்டுதான் 94 வயதுக் கிழவர் 1973 டிசம்பரில் பேசினார். அவர் குரலில் இருந்த வலி குடலில் எழுந்த வலி மட்டும் என்று எண்ணுவோர், தீர்ப்பின் வரலாற்றைப் படிக்காதவர்.

அறிஞர் அண்ணாவின் சொற்பொழிவு ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். 1968இல் நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டு திரும்பிய அண்ணா, அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று தமிழ்நாடு பெயர்மாற்ற விழாவில் பேசினார். ஓய்வெடுக்க வேண்டும் என்ற மருத்துவர் அறிவுரையைக் கடந்தே வந்தார். 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அங்கும் கண்ணீர் பெருகிற்று. ஆனால் அந்தப் பேச்சின் பொருளை நாடு மறக்கவில்லை. தமிழ்நாடு என்னும் பெயர், சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருமொழிக் கொள்கை என்று அவர் சுட்டிய மூன்றையும் பள்ளி மாணவனும் சொல்வான்.

ஏன் இந்த வேறுபாடு? அண்ணா, முடிந்த செயல்களைச் சொன்னார். கேட்டவர்க்கு அது பெருமை தந்தது. பெரியார், முடியாத செயலைச் சொன்னார். கேட்டவர்க்கு அது கடமையைத் தந்தது. பெருமை நினைவில் எளிதாகத் தங்கும். கடமையை மறக்க ஒரு காரணம் வேண்டும். கண்ணீரைவிட மரியாதையான காரணம் வேறு எது?

இது தமிழர்க்கு மட்டும் உரிய குணமன்று. 2008 ஆகஸ்டு 25 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், சனநாயகக் கட்சி மாநாட்டில், மூளைக் கட்டிக்கு மருத்துவம் பெற்றுவந்த எட்வர்டு கென்னடி பேசினார். அவையோர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர், பலர் அழுதனர். எளியவர்க்கும் மருத்துவ வசதி உரிமையாக வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் வழக்கு. சரியாக ஓராண்டு கழித்து மறைந்தார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் அவரைத் தேர்ந்தெடுத்த மாசசூசெட்சு மாநிலம், 2010 சனவரியில் அவர் இடத்துக்கு யாரை அனுப்பிற்று? அவர் விரும்பிய மருத்துவச் சட்டத்தை எதிர்த்து வாக்குக் கேட்டவரை! சட்டம் அவ்வாண்டு மார்ச்சில் நிறைவேறியது. அது கண்ணீரால் வந்ததன்று. கண்ணீர் உலர்ந்த பின்னும் வாக்குகளை எண்ணிச் சேர்த்தவர்களால் வந்தது.

குயிலாப்பாளையத்திலிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருவோரின் காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, பாவம்!" என்று சொல்லிப் போவோர் உண்டு. அந்தக் காலுக்கு உரியவனின் கூலி என்ன, மழைக்காலத்தில் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்போர் சிலரே. இரக்கம் காலோடு நின்றுவிட்டால், உப்பள முதலாளிக்கு அதனால் ஒரு காசும் நட்டமில்லை. பெரியாரின் உடலோடு நின்றுவிட்ட இரக்கமும் அப்படிப்பட்டதே. அதனால் சாதிக்கு ஒரு காசும் நட்டமில்லை.

நட்டமில்லை என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் சென்ற ஆதிதிராவிட இளைஞர்கள் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைகள் பயன்தராமல், அவ்வாண்டு ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குப் பூட்டிட்டு முத்திரை வைத்தனர். பின்னர் நீதிமன்றத்தின் ஆணையால்தான் பூட்டுத் திறந்தது. இங்கே தடுத்தவர் யார்? ஆகமம் படித்தவரா? இல்லை. சாத்திரத்தின் ஏட்டில் தாமும் சூத்திரர் என்றே எழுதப்பட்டவர்கள்! மேலே உள்ளவன் தம்மை இழித்தால் மானம் பொங்கும். கீழே தள்ளியவனைத் தாம் இழித்தால் அது வழக்கம், மரபு, ஊர்க் கட்டுப்பாடு! "நமக்காகச் சுமந்தாரே" என்று உருகுவோரே, அந்த "நமக்கு" என்ற சொல்லில் மேல்பாதியின் ஆதிதிராவிடர் உண்டா, இல்லையா? கடைசிப் பேச்சைக் கேட்டவர்க்கு நாம் வைக்கும் தேர்வு இந்த ஒரு கேள்விதான்.

மறுப்பு ஒன்று எழலாம். அந்த அரற்றல் இல்லாவிடில் இத்தனை பேர் அந்த ஒலிப்பதிவைக் கேட்டிருப்பார்களா, உணர்ச்சியின்றி மாற்றம் உண்டா என்பர். ஒப்புகிறோம். கண்ணீர் ஒரு வாயிற்படி. ஆனால் வாயிற்படியிலேயே உட்கார்ந்துவிடுபவன் வீட்டுக்குள் போவதில்லை. மேலும், மனிதரை வணங்காதீர், என் சொல்லையும் உங்கள் அறிவில் உரசிப் பார்த்து ஏற்பீர் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவரின் நோயையே வழிபாட்டுப் பொருளாக்குவது, அவர் உடைக்க முயன்ற பழக்கத்தை அவர் பெயராலேயே வளர்ப்பதாகும்.

சாசனம் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ஒருவர் சாசனம் எழுதி வைத்தால் வாரிசுகள் என்ன செய்ய வேண்டும்? எழுதிய கையின் நடுக்கத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பதா, எழுதியபடி நடப்பதா? வாரிசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2006இல் கலைஞர் அரசு மீண்டும் முனைந்தது. அனைத்துச் சாதியிலிருந்தும் இருநூறுக்கு மேற்பட்டோர் அர்ச்சகர் பயிற்சி முடித்தனர். முடித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலையின்றிக் காத்திருந்தனர். 2021 ஆகஸ்டு 14 அன்று, பெரியார் மறைந்து 47 ஆண்டுகள் கடந்தபின், அவர்களில் 24 பேருக்குப் பணியாணை கிடைத்தது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம், அரசின் நியமன விதிகள் ஆகமக் கோயில்களுக்குப் பொருந்தா என்றது. உள்வாசலில் இன்னும் தாழ் இருக்கிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் வருகிறது. ஒலிப்பதிவு ஒலிக்கிறது. கேட்போர் கலங்குகின்றனர். கலங்கட்டும், தடுக்க மாட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்ட பின், தம் ஊர்க் கோயில் தெருவில், சுடுகாட்டில், திருமணப் பந்தலில் யார் நுழையலாகாது என்றிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதை நீக்க ஒரு காரியமேனும் செய்பவரே அந்தப் பேச்சைக் கேட்டவர். மற்றவர்கள் ஒரு முதியவரின் முனகலைக் கேட்டவர்கள், அவ்வளவே.